மருந்து தொடும் நாள் வேறு, கூடு துடைக்கும் நாள் வேறு

கேள்வி:

எனக்கு 41 வயது. நாள் முழுக்கக் கணினி முன்னால் வேலை. இரண்டு வருடமாக உரிமத்தோடு கிளப்பில் .38 ஸ்பெஷல் ரிவால்வர் சுடுகிறேன். அங்கே ஒரு மூத்தவர், சுட்டு முடித்த தோட்டாக்களின் வெற்றுக் கூடுகளை எடுத்துப் போய் வீட்டிலேயே திரும்ப வெடிமருந்தும் குண்டும் நிரப்புகிறார். "ராத்திரி ஒரு மணி நேரம் உட்கார்ந்து நிரப்பிப் பாரு தம்பி, நாளோட பாரமெல்லாம் இறங்கிடும்" என்கிறார். வீட்டில் ஓர் அறை காலியாக இருக்கிறது. மகள் தூங்கியதும் பாட்டு போட்டுக்கொண்டு, ஒரு பீரோடு, எதையும் யோசிக்காமல் கை மட்டும் வேலை செய்கிற மாதிரி ஒரு பொழுதுபோக்கு வேண்டும் என்று ஆசை. மனைவியோ, "ஆறு வயசுப் பிள்ளை இருக்கிற வீட்டுல வெடிமருந்தா?" என்கிறாள். நிஜமாகவே இது மனதுக்கு ஓய்வு தருமா? தொடங்குவதென்றால் என்ன வாங்க வேண்டும், பணம் மிச்சமாகுமா?

பதில்:

உங்கள் மூத்தவர் சொன்னது உண்மைதான். இருபது வருடத்துக்கும் மேலாகக் கைத்துப்பாக்கிப் பயிற்சி கொடுத்து வருகிறேன், அதில் பாதிக்கு மேல் என் தோட்டாவை நானேதான் நிரப்பியிருக்கிறேன். அந்த மேசையில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்து எழுந்தால் கழுத்தும் தோளும் தளர்ந்திருக்கும், காலையில் யாரோடு வாக்குவாதம் செய்தோம் என்பதே மறந்திருக்கும். ஆனால் நீங்கள் எழுதியிருக்கிற விதத்தில், அதாவது ராத்திரி, களைப்பு, பாட்டு, பீர், அதோடு எதையும் யோசிக்காத மனம், இத்தனையும் ஒரே மேசையில் சேர்வதாக இருந்தால் வேண்டாம் என்றுதான் சொல்வேன். இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது. அதைச் சொல்லத்தான் உங்கள் கடிதத்தை எடுத்துக்கொண்டேன்.

அதற்கு முன்னால் சட்டம். துப்பாக்கி உரிமம் கையில் இருப்பதால் தோட்டா நிரப்பும் அனுமதியும் கூடவே வந்துவிட்டது என்று எண்ணிவிடாதீர்கள். அமெரிக்காவில் சொந்த உபயோகத்துக்கு நிரப்புவதற்கு மத்திய அரசின் தனி உரிமம் தேவையில்லை, விற்பனைக்குச் செய்தால் தேவை. ஜெர்மனியில் வெடிபொருள் சட்டத்தின் கீழ் தனியாக அனுமதி வாங்க வேண்டும், அதற்கு வகுப்பும் தேர்வும் உண்டு. வேறு இடங்களில் விதிகள் இன்னும் கடுமையாக இருக்கலாம். உங்களுக்கு உரிமம் கொடுத்த அலுவலகத்துக்கு எழுதிக் கேளுங்கள், பதிலையும் எழுத்திலேயே வாங்கி வையுங்கள். கூடாது என்று வந்தால் விஷயம் அங்கேயே முடிந்தது, கடைத் தோட்டாவையே சுடுங்கள். சரி, அனுமதி இருக்கிறது என்று வைத்துக்கொண்டு மேலே போகிறேன்.

ஒரு தோட்டாவில் நான்கு பாகம். பறந்து போகிற குண்டு, அதைத் தள்ளுகிற மருந்து, மருந்தைப் பற்றவைக்கிற பிரைமர் (பழைய ஆட்கள் கேப் என்பார்கள்), இந்த மூன்றையும் தாங்கி நிற்கிற பித்தளைக் கூடு. சுட்ட பிறகு முழுதாக நம் கையில் மிஞ்சுவது கூடு மட்டும்தான். நூற்றுக்கு எழுபது பங்கு செம்பு, முப்பது பங்கு துத்தநாகம் கலந்த பித்தளை அது, சுட்டதும் கொஞ்சம் உப்பும், அச்சில் அழுத்தினால் பழைய அளவுக்கு வரும், இப்படிப் பல முறை வந்து போகும். மொத்தப் பொழுதுபோக்கும் இந்தப் பித்தளையின் குணத்தை நம்பித்தான் நடக்கிறது.

இனி வேலையைப் பாருங்கள். சுட்ட கூடுகளைப் பொறுக்கி, ரகம் பிரித்து, கழுவி, காயவைத்து, பழைய பிரைமரைத் தள்ளி எடுத்து, அச்சில் அழுத்தி அளவுக்குக் கொண்டுவந்து, வாயைக் கொஞ்சம் விரித்து வைப்பது வரைக்கும் ஒரு பாதி. புதுப் பிரைமர் பதித்து, மருந்து அளந்து போட்டு, குண்டை உட்கார வைத்து, வாயை இறுக்கி முடிப்பது இன்னொரு பாதி. பார்க்க இரண்டும் ஒரே வேலையின் தொடர்ச்சி மாதிரிதான் இருக்கும், நிறையப் பேர் ஒரே மூச்சில் செய்யவும் செய்கிறார்கள். நான் என் மாணவர்களுக்குச் சொல்வது, இது இரண்டு தனித்தனி வேலை, இரண்டு தனித்தனி நாள். முதல் பாதியில் தப்பு நடந்தால் ஒரு கூடு நசுங்கும், தூக்கிப் போடலாம். இரண்டாவது பாதியில் நடக்கிற தப்பு துப்பாக்கிக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும், எப்போது வெளியே வரும் என்று நமக்குத் தெரியாது.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். நிரப்ப ஆரம்பித்து நான்காவது வருடம். உங்களுடையது மாதிரியே .38 ஸ்பெஷல். ஐம்பது குழி உள்ள மரப்பலகையில் ஐம்பது கூடுகளை வரிசையாக நிறுத்தி மருந்து போட்டுக்கொண்டிருந்தேன், மணி பத்தரை இருக்கும். மூன்றாவது வரிசை நடுவில் போன் அடித்தது. இரண்டே நிமிடம் பேசிவிட்டு வந்து, விட்ட இடம் என்று நினைத்த இடத்திலிருந்து தொடர்ந்தேன். கண் எரிச்சலாக இருந்தது, முடித்துவிட்டுப் படுக்கலாம் என்ற அவசரம் வேறு. அடுத்த வாரம் களத்தில் நேரம் வைத்துச் சுடுகிற பயிற்சி, ஆறு விநாடிக்குள் ஐந்து குண்டு. மூன்றாவது சுடும்போது வழக்கமான சத்தம் வரவில்லை. பட்டாசு நமுத்துப்போய் வெடித்தால் வருமே, அப்படி ஒரு "புஸ்". கையில் உதைப்பும் இல்லை. நேரம் ஓடிக்கொண்டிருந்ததால் விரல் அடுத்த இழுப்புக்குப் பாதி தூரம் போய்விட்டது. பக்கத்தில் நின்ற களப் பொறுப்பாளர் "நிறுத்து!" என்று கத்தியிராவிட்டால் இழுத்திருப்பேன்.

அந்தக் கூட்டில் மருந்தே இல்லை. பிரைமரின் பலம் மட்டும் குண்டைக் குழலுக்குள் பாதி தூரம் தள்ளிவிட்டு நின்றுவிட்டது. அடுத்ததைச் சுட்டிருந்தால் அடைத்திருக்கிற குண்டின் பின்னால் இன்னொரு குண்டு போய் மோதியிருக்கும், குழல் உப்பும் அல்லது பிளக்கும், அதைப் பிடித்திருப்பது என் இரண்டு கைகள். துப்பாக்கி சீர்செய்பவர் ஒரு கம்பியை வைத்துத் தட்டி அந்தக் குண்டை வெளியே எடுத்தார். நான் வீட்டுக்கு வந்து மிச்சமிருந்த அத்தனை தோட்டாவையும் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தேன், இரண்டு சாயங்காலம் ஆனது. மற்றதெல்லாம் சரியாகவே இருந்தன. விட்டுப்போனது அந்த ஒன்றுதான், அந்த ஒன்று போதுமாக இருந்தது.

இதற்கு நேர் எதிரான தப்பு இன்னும் மோசம், ஒரே கூட்டில் இரண்டு தடவை மருந்து விழுவது. உங்கள் .38 ஸ்பெஷலுக்கு இந்த ஆபத்து மற்றதைவிடக் கூடுதல், அதற்குக் காரணமும் இருக்கிறது. 1898 வாக்கில் வந்த தோட்டா அது, அதன் கூடு கரிமருந்து என்ற பழைய கறுப்பு வெடிமருந்துக்காக அமைந்த கூடு. கரிமருந்து நிறைய இடம் பிடிக்கும், அதனால் கூடு நீளம். இன்றைய புகையில்லா மருந்தில் இலக்குப் பயிற்சிக்கு வேண்டியது சில கிரெயின்தான். ஒரு கிராம் என்பது கிட்டத்தட்ட பதினைந்தரை கிரெயின், அப்படியென்றால் எவ்வளவு கொஞ்சம் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். நீளமான கூட்டின் அடியில் அது ஒரு சிட்டிகையாகக் கிடக்கும். இரண்டு மடங்கு விழுந்தாலும் வழியாது, மேலே ஏறி வந்து காட்டிக்கொடுக்காது. அமெரிக்காவில் தோட்டாக்களுக்குத் தரம் வகுக்கும் சாமி (SAAMI) என்ற அமைப்பு .38 ஸ்பெஷலுக்கு வைத்திருக்கும் அழுத்தத்தின் உச்சம் சதுர அங்குலத்துக்கு 17,000 பவுண்டு. கார் டயரில் இருப்பது முப்பது சொச்சம்தான். இரட்டை மருந்து விழுந்தால் இந்த உச்சத்தையும் தாண்டிக்கொண்டு போகும்.

அதனால் உங்களுக்கு என் முதல் அறிவுரை மருந்தைத் தேர்ந்தெடுப்பதில். நிரப்பும் அளவுகளுக்கென்று மருந்து தயாரிப்பவர்களும் குண்டு தயாரிப்பவர்களும் கையேடு போடுகிறார்கள். அதில் உங்கள் தோட்டாவுக்கும் நீங்கள் வாங்கும் அதே எடைக் குண்டுக்கும் பல மருந்துகளின் அளவு இருக்கும். அவற்றில் கூட்டில் பாதிக்கு மேல் இடம் பிடிக்கிற, பருமனான மருந்தாகப் பார்த்து எடுங்கள். அப்போது இரண்டாவது தடவை போட்டால் வெளியே கொட்டும். "இந்த மருந்து சிக்கனம், ஒரு டப்பாவில் இத்தனை ஆயிரம் தோட்டா வரும்" என்று யாராவது சொன்னால், புதிதாகக் கற்கிற ஒருவருக்கு அந்தச் சிக்கனமே ஆபத்து என்று எடுத்துக்கொள்ளுங்கள். அளவை அந்தக் கையேட்டிலிருந்து மட்டும்தான் எடுக்க வேண்டும், அதுவும் தொடக்க அளவிலிருந்து. கிளப்பில் ஒருவர் சொன்னார், இணையத்தில் ஒருவர் போட்டிருந்தார் என்பதெல்லாம் இதில் செல்லாது. மூத்தவர் சொன்னாலும் வீட்டுக்கு வந்து கையேட்டில் பார்த்த பிறகுதான்.

மருந்து நாளை நான் எப்படி நடத்துகிறேன் என்று சொல்கிறேன், அப்படியே எடுத்துக்கொண்டாலும் சரி. விடுமுறை நாள் காலை, தூங்கி எழுந்து காபி குடித்து முடித்த பிறகு. போன் இன்னோர் அறையில். பாட்டு கிடையாது. மது முந்தின ராத்திரியோடு சரி. கண்ணாடி போட்டுக்கொள்வேன், பிரைமர் பதிக்கும்போது ஒன்று வெடித்தால் கண்ணுக்குத்தான் முதலில் சேதம். மேசை மேல் ஒரே ஒரு மருந்து டப்பா, ஒரே ஒரு வகைப் பிரைமர், மற்றதெல்லாம் அலமாரிக்குள். விசிறியை நிறுத்திவிடுவேன், அந்தக் காற்று பட்டாலே தராசு ஆடும். தராசை அளவு தெரிந்த எடைக்கல் வைத்துச் சோதித்துவிட்டுத்தான் மருந்து டப்பாவைத் திறப்பேன். ஐம்பது கூட்டுக்கும் மருந்து போட்டு முடித்ததும் டார்ச்சை எடுத்துக்கொண்டு பலகையின் மேல் குனிந்து பார்ப்பேன். ஒவ்வொரு கூட்டுக்குள்ளும் மருந்து ஒரே மட்டத்தில் தெரிய வேண்டும், கிணற்றுக்குள் எட்டிப் பார்ப்பது மாதிரி ஐம்பது குட்டிக் கிணறு. ஒன்று மேலே, ஒன்று கீழே என்று பட்டால் அந்தக் கூட்டை மட்டும் கொட்டி, மறுபடி எடை போட்டு நிரப்புவேன். பார்த்து முடித்த பிறகுதான் முதல் குண்டை வைப்பேன்.

நடுவில் யாராவது கூப்பிட்டால், அழைப்பு மணி அடித்தால், நமக்கே சந்தேகம் வந்தால், ஐம்பதையும் கொட்டிவிட்டு முதலிலிருந்து ஆரம்பம். இதில் விதிவிலக்கு வைத்துக்கொள்ளவே வேண்டாம். பத்து நிமிட வேலைதான் வீணாகும்.

நீங்கள் தேடுகிற ஓய்வு இந்தக் காலை நேரத்தில்தான் இருக்கிறது. எதையும் யோசிக்காமல் இருப்பதால் பாரம் இறங்குகிறது என்று நினைக்கிறீர்கள். எனக்கு அது நேர்மாறாகத்தான் நடந்திருக்கிறது. கண்ணும் விரலும் ஒரே இடத்தில் நிற்க வேண்டியிருப்பதால் வேறு எந்த நினைப்புக்கும் உள்ளே இடம் இருக்காது. பிரைமர் பதிக்கும்போது கைப்பிடியில் முதலில் லேசான ஓர் இறுக்கம், அப்புறம் அடியில் போய் உட்காருகிற மெத்தென்ற ஒரு நிறுத்தம், இரண்டும் உள்ளங்கையில் தெரியும். எடுத்து அடிப்பக்கத்தை விரல் நுனியால் தடவிப் பார்த்தால் பிரைமர் மேலே தட்டுப்படக் கூடாது, மயிரிழை உள்ளே இறங்கியிருக்க வேண்டும். வெளியே துருத்திக்கொண்டிருந்தால் ரிவால்வரின் உருளை சுற்றாமல் சிக்கும், அல்லது முதல் அடி பிரைமரை உள்ளே தள்ளுவதிலேயே போய்விடும், தோட்டா வெடிக்காது. ஐம்பது கூட்டை இப்படி ஒவ்வொன்றாகத் தடவி முடிக்கும்போது மூச்சு தானாக நிதானமாகியிருக்கும். சுடுவதற்குக் கற்றுக்கொடுக்கிற நிதானமும் இதேதான், அதனால் என் மாணவர்களில் நிரப்பக் கற்றுக்கொண்டவர்களுக்கு விசை இழுப்பும் மெதுவாகச் சீராவதைப் பார்த்திருக்கிறேன்.

சரி, வேலை முடிந்து களைத்து வருகிற ராத்திரிகளுக்கு என்ன செய்வது? அதற்குத்தான் முதல் பாதி. கூடு பொறுக்குங்கள், ரகம் பிரியுங்கள், அச்சில் அழுத்துங்கள். பாட்டு போட்டுக்கொள்ளுங்கள், போனில் பேசுங்கள், பாதியில் விட்டுவிட்டு எழுந்து போங்கள், ஒன்றும் ஆகாது. பிரைமரும் மருந்தும் அந்த நேரத்தில் பூட்டிய அலமாரியை விட்டு வெளியே வராது. டங்ஸ்டன் கார்பைடு வளையம் வைத்த அச்சு வாங்கினால் .38 மாதிரி நேரான கூடுகளுக்கு எண்ணெய் பூசவும் வேண்டாம், கைப்பிடியை இறக்கினால் ஒரே சீராக வழுக்கிக்கொண்டு இறங்கும், நூறு கூடு போவதே தெரியாது. ரகம் பிரிப்பதும் எனக்குப் பிடித்த வேலை. இரும்புக் கூடு, அலுமினியக் கூடு தனியே போகட்டும். வாய் கீறியது, அடியில் விரிசல் கோடு தெரிவது குப்பைக்கு. அப்புறம் கூட்டுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள், நடுவில் ஒரே ஓட்டை என்றால் பாக்ஸர் வகை, நிரப்பலாம். சின்னதாக இரண்டு ஓட்டை என்றால் பெர்டன் வகை, அதை அச்சில் விட்டால் பழைய பிரைமரைத் தள்ளுகிற ஊசி உடையும். 1860களில் இந்த இரண்டையும் கொண்டுவந்தவர்களில் பாக்ஸர் ஆங்கிலேயர், பெர்டன் அமெரிக்கர். அமெரிக்கா பாக்ஸருடையதை எடுத்துக்கொண்டது, ஐரோப்பாவில் பெர்டனுடையது வெகுகாலம் ஓடியது.

பீர் மட்டும் இந்தப் பாதியிலும் வேண்டாம். இங்கே காரணம் வேறு, அது ஈயம். உங்கள் மனைவியின் கேள்விக்கும் பதில் இதில்தான் இருக்கிறது.

வெடிமருந்து வீட்டில் இருப்பதைப் பற்றித்தான் அவர் பயப்படுகிறார். அந்தப் பயம் நியாயமானது, அதற்கு முறையும் இருக்கிறது. புகையில்லா மருந்து திறந்த இடத்தில் பற்றினால் வேகமாக எரியும், அடைத்து வைத்த இடத்தில்தான் அழுத்தம் கூடி வெடிக்கும். அதனால் வாங்கிய டப்பாவிலேயே வைக்க வேண்டும், சூடு இல்லாத உலர்ந்த இடம், இறுக்கமான கனத்த இரும்புப் பெட்டி கூடாது. பிரைமர் அப்படியில்லை, அதை அடித்தாலே வெடிக்கும், ஒன்று வெடித்தால் பக்கத்தில் கிடப்பதும் சேர்ந்து போகும். கம்பெனி அட்டையில் ஒவ்வொன்றையும் தனித்தனிக் குழியில் வைத்துத் தருவது அதற்காகத்தான். அழகாக இருக்கிறதே என்று கண்ணாடிப் புட்டியில் கொட்டி வைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன், பார்த்த இடத்திலேயே எடுக்கச் சொல்லியிருக்கிறேன். இரண்டும் பூட்டுக்குள், சாவி உங்கள் இடுப்பில், இருப்பு குறைவாக. இதுவரை ஒழுங்காகச் செய்தால் உங்கள் மனைவியின் பயத்தில் பெரும்பகுதிக்குப் பதில் கிடைத்துவிடும்.

ஆனால் உங்கள் மகளை வைத்து நான் அதிகம் கவலைப்படுவது, யாருக்கும் சத்தம் கேட்காத அந்த ஈயத்தைப் பற்றி. இன்றைக்கும் பெரும்பாலான பிரைமர்களில் இருப்பது ஈயம் கலந்த ஒரு சேர்மம். சுடும்போது அது நுண்ணிய தூளாகிக் கூட்டின் உட்சுவரில் படியும். சுட்ட கூட்டைத் தொட்ட விரலில் ஏறுகிற கறுப்பில் அதுவும் இருக்கிறது. கூடுகளைச் சுத்தம் செய்ய அரைத்த சோளத்தக்கையையோ வால்நட் ஓட்டுத் தூளையோ போட்டு அதிர்கிற இயந்திரத்தில் உருட்டுவார்கள், முடிந்ததும் சல்லடையில் கொட்டும்போது எழும்புகிற தூசி இருக்கிறதே, மொத்த வேலையிலும் ஈயம் அதிகமாக உள்ளே போகிற நேரங்களில் அது ஒன்று. சின்னப் பிள்ளைகள் விழுங்குகிற ஈயத்தில் உடம்பு ஏற்றுக்கொள்ளும் பங்கு பெரியவர்களைவிட நான்கைந்து மடங்கு என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. பிள்ளைகளுக்குப் பாதுகாப்பான ஈய அளவு என்று ஒன்று கிடையாது. 2021ல் அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் பிள்ளைகளின் ரத்தத்தில் கவனிக்க வேண்டிய அளவை டெசிலிட்டருக்கு 3.5 மைக்ரோகிராமாகக் குறைத்தது, அதற்குக் கீழே இருந்தால் கவலையில்லை என்று அதற்குப் பொருள் அல்ல. ரத்தத்தில் உள்ள ஈயம் பாதியாகக் குறைய ஏறக்குறைய ஒரு மாதம் பிடிக்கும், எலும்பில் தங்கியது பல வருடம் இருக்கும்.

அதனால் உலர் முறையை வீட்டுக்குள் கொண்டுவரவே வேண்டாம். தண்ணீரும், கொஞ்சம் சோப்பும், மெல்லிய துருப்பிடிக்காத எஃகு ஊசிகளும் போட்டு உருட்டுகிற ஈர முறை இருக்கிறது, தூசியே எழாது, கூடு உள்ளேயும் பளபளக்கும். அந்தக் கறுப்புத் தண்ணீர் சமையலறைத் தொட்டியில் ஊற்றுவதற்கு அல்ல. எங்கே, எப்படி அகற்றலாம் என்று உங்கள் ஊரின் கழிவு விதியைக் கேட்டுச் செய்யுங்கள். அறையில் கம்பளமோ பாயோ கூடாது, தரையையும் மேசையையும் ஈரத் துணியால் துடையுங்கள், வீட்டில் இருக்கிற தூசி உறிஞ்சியைப் போட்டால் அது ஈயத்தைக் காற்றில் கிளப்பிவிடும். அந்த அறையில் சாப்பாடு, டீ, தண்ணீர் பாட்டில், பீர் எதுவும் கிடையாது. வாய்க்குப் போகிற கைதான் ஈயத்துக்குப் பாதை. அந்த வேலைக்கென்று ஒரு சட்டை, ஒரு ஜோடிச் செருப்பு, இரண்டும் அறையை விட்டு வெளியே வரக் கூடாது, சட்டையைத் தனியாகத் துவையுங்கள். கை கழுவ ஈயத்தை எடுப்பதற்கென்றே வருகிற சோப்பு கிடைக்கிறது, அதை வாங்கி வையுங்கள். கை கழுவி முகம் கழுவி உடை மாற்றிய பிறகுதான் பிள்ளையைத் தூக்க வேண்டும். அவள் அந்த அறைக்குள் வரக் கூடாது, உங்கள் கையைப் பிடித்துக்கொண்டுகூட.

ஆரம்பிக்கும் முன்னால் நீங்கள் ஒரு தடவை ரத்தத்தில் ஈய அளவு பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு வருடமாகச் சுடுகிறீர்கள், ஏற்கெனவே எவ்வளவு இருக்கிறது என்று தெரிய வேண்டும். ஆறு மாதம் கழித்து மறுபடி பாருங்கள், எண் ஏறியிருந்தால் உங்கள் சுத்தத்தில் எங்கோ ஓட்டை இருக்கிறது. மகளுக்கும் ஒரு தடவை பார்த்துவிடச் சொல்லி மருத்துவரிடம் கேளுங்கள். சுடும் களத்திலிருந்து நேராக வீட்டுக்கு வருகிற எல்லா அப்பா அம்மாவுக்கும் இதைச் சொல்வேன். இந்த ஒழுங்கைக் கடைப்பிடிக்க அந்தக் காலி அறையில் வசதி இல்லை, அல்லது களைத்த ராத்திரியில் இத்தனையும் செய்ய முடியாது என்று தோன்றினால், தயங்காமல் வேறு பொழுதுபோக்கைப் பாருங்கள்.

என்ன வாங்குவது என்ற கேள்விக்கு விடையும் இந்த இரண்டு பாதிக் கணக்கிலேயே இருக்கிறது. ஒரு தடவை இழுத்தால் ஒரே ஒரு வேலையை மட்டும் செய்கிற ஒற்றை அச்சு பிரஸ் என்ற அழுத்தும் கருவி வாங்குங்கள். கைப்பிடியை ஒவ்வொரு தடவை இழுக்கும்போதும் ஒரு தோட்டா முழுதாக வந்து விழுகிற தொடர் பிரஸ் இருக்கிறது, கடையில் அதைத்தான் முதலில் காட்டுவார்கள். அதில் நான்கைந்து வேலை ஒரே நேரத்தில் நடக்கும், இன்று கூடு, நாளை மருந்து என்று வசதியாகப் பிரிக்க முடியாது, எங்கே தப்பியது என்று புதியவருக்குக் கண்டுபிடிக்கவும் தெரியாது. ஒற்றை அச்சில் நூறு தோட்டாவுக்கு இரண்டு மூன்று மணி நேரம் பிடிக்கும். உங்களுக்கு வேண்டியது அந்த நேரம்தானே. கூடவே தராசு, எடைக்கல், கையேடு, ஐம்பது குழிப் பலகை இரண்டு, அளவு பார்க்கும் காலிப்பர், கண்ணாடி. தப்பாக நிரப்பியதைப் பிரிக்கிற சுத்தியல் மாதிரி ஒரு கருவி வரும், அதையும் முதல் நாளே வாங்குங்கள், இல்லையென்றால் சந்தேகப்பட்ட தோட்டாவைச் சுட்டுத் தீர்த்துவிடலாம் என்று மனம் சொல்லும். குண்டு வாங்கும்போது அடிப்பக்கமும் செம்பால் மூடிய வகையாகப் பாருங்கள், ஈயம் கொஞ்சம் குறையும்.

பணம் மிச்சமாகுமா என்றால், ஒரு தோட்டாவின் விலை குறையும், நீங்கள் அதைவிட அதிகமாகச் சுடுவீர்கள். மிச்சத்தை நம்பி ஆரம்பிக்காதீர்கள். நிறையத் துப்பாக்கித் தயாரிப்பாளர்கள் வீட்டில் நிரப்பிய தோட்டா சுட்டால் உத்தரவாதம் கிடையாது என்று எழுதியே கொடுத்திருப்பார்கள், உங்களுடையதில் என்ன போட்டிருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் நிரப்பியதை நண்பருக்குக் கொடுக்காதீர்கள், மூத்தவர் அன்பாக ஒரு டப்பா கொடுத்தால் அதையும் சுடாதீர்கள். அவர் மேல் சந்தேகம் என்று இல்லை, அன்றைக்கு அவருக்குப் போன் வந்ததா இல்லையா என்று உங்களுக்குத் தெரியாது.

முதல் ஒரு மாதம் கூடுகளின் வேலை மட்டும் செய்யுங்கள், மருந்தே வாங்காதீர்கள். கை பழகட்டும், அறையின் ஒழுங்கு பழகட்டும், மனைவியும் பார்த்துக்கொண்டிருப்பார். அந்த மூத்தவரிடம் ஒரு நாள் காலையில் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து அவர் மருந்து போடுவதைப் பாருங்கள். அவர் பாட்டு கேட்டுக்கொண்டே செய்கிறவராக இருந்தால் வேறு ஆளைத் தேடுங்கள். அப்புறம் பத்தே பத்து தோட்டா, தொடக்க அளவில். ஒவ்வொன்றையும் ரிவால்வர் உருளையில் போட்டுப் பாருங்கள், இதையும் களத்தில் வைத்து, குழலைப் பாதுகாப்பான பக்கம் திருப்பிக்கொண்டுதான் செய்ய வேண்டும். அழுத்தாமலே "டக்" என்று போய் உட்கார வேண்டும், சாய்த்தால் தானே வழுக்கி விழ வேண்டும். ஒவ்வொன்றாகச் சுடுங்கள். சத்தமோ உதைப்போ கொஞ்சம் வித்தியாசப்பட்டாலும் நிறுத்தி, துப்பாக்கியைக் காலி செய்து, குழலுக்குள் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்த பிறகுதான் அடுத்தது.

ஒரு நோட்டு போட்டு வையுங்கள். தேதி, கூடு எத்தனையாவது தடவை, பிரைமர், மருந்தின் பெயர், எடை, குண்டின் எடை, மொத்த நீளம், நடுவில் யாராவது கூப்பிட்டார்களா, ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம். அந்த முதல் பத்து முடிந்ததும் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள், பார்த்துவிட்டு அடுத்த ஐம்பதைப் பற்றி எழுதுகிறேன்.